கடைசி ஆள் சத்தம் கொடுக்க வேண்டும்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன் வாராவாரம் இந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அதிகம். இந்த வாரம் இன்னும் ஒரு படி மேலே போய்... மலையேற்றத்தைப் பற்றி எழுதப்போகிறேன். மலை ஏறத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்பது ஒரு நிம்மதி.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். உத்தமபாளையத்தில் ஒரு தேங்காய் மண்டியில் பில் போடுகிறவன். ஐம்பதைத் தாண்டியவன். கூச்சக்காரன். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால், நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி, வந்த வழியே நடந்து வருகிற ரகம்.

போன வாரக் கடைசியில் என்னை மலைக்குக் கூட்டிப்போனது என் மனைவியின் தம்பி ரபீக். கம்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். லீவு என்றால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அவன் சொல்லித்தான் தெரியும் – நமக்கு மேற்கே தெரிகிற மலைகளின் விளிம்போடு ஒரு நீளமான நடைபாதை போகிறதாம். முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க வாரக்கணக்கில் ஆகுமாம். வேலைவெட்டி உள்ளவர்கள் என்ன செய்வது? துண்டு துண்டாக நடக்கிறார்கள். இந்த லீவில் ஒரு துண்டு. விட்ட இடத்திலிருந்து அடுத்த லீவில் இன்னொரு துண்டு. எங்களுடையது தேவாரத்துக்கு மேலே ஏறி, ராத்திரி மலையில் தங்கி, மறுநாள் விளிம்போடு நடந்து ஜீப் ரோட்டைப் பிடிக்கிற துண்டு. முறைப்படி அனுமதி வாங்கித்தான் போனோம்.

எனக்கு மலை மேல் ஆசை என்று சொல்ல முடியாது. ஒரு கேள்விதான் இழுத்துக்கொண்டு போனது. ஜீப் போகிற இடத்துக்கு, மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்து போக ஒரு மனுஷன் ஏன் ஆசைப்படுகிறான்?

என் மனைவி இதையே வேறு விதமாகக் கேட்டாள். "ஏங்க, மண்டியில சுமை தூக்க அத்தனை ஆள் இருக்கு. அங்கன ஒரு நாளாவது ஒரு மூட்டையத் தொட்டிருப்பீகளா? மலைக்குப் போயி எதுக்குத் தூக்குறீக?"

பதில் தெரியவில்லை. அதனால் போனேன்.

ரபீக் கொடுத்த பையே ஓர் ஆச்சரியம். அதில் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை இருந்தது. ஆடாமல் இருப்பதற்காக என்று நினைத்தேன். அதை இறுக்கிப் போட்டதும் தோளில் இருந்த பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. தோள் காலி! எடை எங்கே போனது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் சுமையை இப்படி இடம் மாற்ற முடியும் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஆக மொத்தம் ஐந்து பேர். நான், ரபீக், தேனியிலிருந்து வந்த சுந்தர் சார், அவர் மனைவி மீனா மேடம் – இரண்டு பேருக்கும் பேங்க் வேலை. ஐந்தாவது ஆள் செல்வி. எங்களுக்கு வழிகாட்டி.

செல்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலையடிவாரத்துக் கிராமம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இத்தனை காலமும் ஏலக்காய்த் தோட்ட வேலை. விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி கேரளாப் பக்கம் போய், பொழுது சாய்ந்து திரும்பி வருகிற வேலை. அந்த ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதற்குள் வளைவு திரும்பிவிடும்.

இந்த நடைபாதையைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது. அவர்கள் உள்ளூர் ஆட்களை வழிகாட்டியாகச் சேர்க்கிறார்கள். சேர்ப்பதற்கு முன்னால் மூன்று நடை பார்ப்பார்கள். கூட்டிப்போன ஆட்களை, இருட்டுவதற்குள், ஒருத்தர் குறையாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். செல்விக்கு இரண்டு நடை நல்லபடியாக முடிந்திருந்தது. எங்களுடையது மூன்றாவது. ஜீப் ரோட்டில் குழுவிலிருந்து ஒருவர் வந்து காத்திருப்பார். இதில் தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

ஏறத் தொடங்கும் முன்பு அவளே இதைச் சொன்னாள். "பயமுறுத்தலீங்க. உள்ளதச் சொல்றேன். இது கெடச்சுட்டா அந்த ஜீப்புல நசுங்கிப் போக வேண்டாம். கெடைக்கலேன்னா நாளன்னைக்கு மறுபடி ஜீப்புதான். அதனால நான் சொல்றத மட்டும் கேட்டு வாங்க."

சொன்னது ஒரே ஒரு விதிதான். வளைவு வந்தால் முன்னால் போகிற அவள் "ஓ...ய்" என்று சத்தம் கொடுப்பாள். வரிசையில் கடைசியாக வருகிறவர் திருப்பிச் சத்தம் கொடுக்க வேண்டும். தோட்டத்துக்கு நடந்து போகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்களாம். கடைசி ஆளின் குரல் வந்துவிட்டால் நடுவில் இருக்கிற எல்லோரும் பத்திரம். காட்டுமாடுகளுக்கும் தகவல் போய்விடும்.

"காட்டுமாட்டுக்கு நம்ம மேல என்ன கோவம்? சொல்லாமக் கொள்ளாம முன்னாடி போயி நின்னாத்தான் மெரண்டுபோயி முட்ட வரும். ஆள் வருதுன்னு தெரிஞ்சா அதுபாட்டுக்கு ஒதுங்கிக்கிரும்" என்றாள்.

சுந்தர் சார் தன் பையின் பட்டையில் இருந்த சின்ன விசிலைக் காட்டினார். இது போதாதா என்று கேட்டார். செல்வி தலையை ஆட்டிவிட்டாள். "விசிலு யாரு ஊதுனாலும் ஒரே மாதிரிதான சார் இருக்கும்? எனக்கு ஆள் தெரியணும்."

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் என் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கடைசி! கல்யாண வீடு என்றாலும் கூட்டம் என்றாலும் என் இடம் அதுதான். யாரும் முதுகுக்குப் பின்னால் பார்க்க மாட்டார்கள்... ஒன்றும் கேட்க மாட்டார்கள். விதி முழுவதும் மண்டையில் ஏறிய பிறகுதான் புரிந்தது – இந்த வரிசையில் கடைசி ஆளுக்குத்தான் வாய் வேலை. இடம் மாற்றிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!

முதல் நாள் ரபீக் காப்பாற்றினான். எனக்கு முன்னால் நடந்து வந்தவன் அவன். செல்வியின் சத்தம் வரும். நான் "ஓய்" என்பேன் – பக்கத்து இலைக்காரரிடம் உப்புக் கேட்கிற குரலில். ரபீக் சிரித்துவிட்டு அதை வாங்கி உரக்கக் கத்துவான். "மச்சான், நீங்க கத்துறது உங்களுக்காவது கேக்குதா?" என்று ஒருமுறை கேட்டான்.

இந்த ஏற்பாட்டிலேயே மேலே போய்விட்டோம். பழைய தோட்ட ஷெட் ஒன்றில் ராத்திரி தங்கினோம். எல்லோரிடமும் என் கேள்வியைக் கேட்க ஆசை. ஏன் நடக்கிறீர்கள்? மீனா மேடம் ஒருவரிடம் மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர், கவுண்டரில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் தனக்குக் கால் இருப்பதே மறந்துவிடுகிறது என்றார். நல்ல பதில். ஆனால் கால் நினைவுக்கு வர இத்தனை பெரிய மலை வேண்டுமா? அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை விளிம்புக்கு வந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் இருக்கிற பள்ளத்தாக்கை மேலே இருந்து பார்த்தேன். ஆற்றை ஒட்டி வயல், அதற்கப்பால் திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு... நம் மண்டிக்கு வருகிற காயெல்லாம் எந்தத் தோப்பு என்று தேடினேன். எல்லாம் ஒரே பச்சை. பெரிய பெரிய தோப்புக்காரர்களை நினைத்தால் பாவமாக இருந்தது. ஓர் அடி வைத்தால் போனில் தமிழ்நாட்டு டவர், அடுத்த அடியில் கேரளா டவர். கொஞ்சம் இறங்கினால் எதுவும் இல்லை.

அந்தக் கொஞ்சம் இறங்கிய இடத்தில்தான் வந்தது வினை.

மதியத்துக்குப் பிறகு மீனா மேடத்துக்கு முட்டி வலி. கைகொடுக்க ரபீக் முன்னால் போனான். எனக்கும் முன்னால் இருந்தவர்களுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. கேரளாப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது நான் ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. மற்றவர்கள் இரண்டடி தள்ளி நின்று வேலையை முடித்துக்கொண்டு வருவார்கள். கூச்சக்காரன் அப்படிச் செய்வானா? பனியில் யாருக்கும் எதுவும் தெரியாதுதான். இருந்தாலும் பாதையை விட்டு இறங்கி, ஒரு பாறையைச் சுற்றி, அதற்கும் பின்னால் இருந்த புதருக்குப் பின்னால் போய்...

"ஓ...ய்" என்று செல்வியின் சத்தம் கேட்டது.

நீங்களே சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கிற அந்த நிலையில் ஒரு பெண்ணுக்கு எப்படி "ஓய்" என்று பதில் சொல்வது?

சொல்லவில்லை. மறுபடி சத்தம் வந்தது. இந்த முறை கொஞ்சம் நீளமாக. முடித்துக்கொண்டு எழுந்து, உடையைச் சரிசெய்துகொண்டு, என்னுடைய "ஓய்"யைச் சொன்னேன். அது புதரைக்கூடத் தாண்டியிருக்காது. மூன்றாவது சத்தம் வரவில்லை. கேட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நிதானமாகப் பாதைக்கு வந்து நடந்தேன். வழியில் வேறொரு தடம் கீழே பிரிந்து போனது. நேற்று செல்வி சொன்னது நினைவிருந்தது – கீழே போவது மாட்டுத்தடம், மேலே இருப்பதுதான் மனுஷத்தடம். மேல் தடத்திலேயே போனேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பாறை. அதன் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரபீக், சுந்தர் சார், மீனா மேடம்.

ரபீக் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "எங்க மச்சான் போனீக? அந்தக்கா ஒங்களத் தேடிக் கீழ போயிருக்காக!"

என் சத்தம் வராததால், நான் மாட்டுத்தடத்தில் இறங்கிவிட்டேன் என்று செல்வி முடிவு கட்டியிருக்கிறாள். தடம் பிரிகிற இடத்துக்கு நான் வந்து சேரும் முன்பே பனிக்குள் அதில் இறங்கிப் போயிருக்கிறாள். போகும் முன்பு மூன்று பேரிடமும், "இங்கனயே உக்காருங்க. ஒருத்தரும் எறங்கக் கூடாது. அவுக சத்தம் கேக்காம நான் திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

கூட்டிவந்தவர்களை விட்டுவிட்டு வழிகாட்டி நகரக் கூடாது என்பதும் குழுவின் விதி. எனக்காக அதையும் மீறியிருக்கிறாள்.

மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். "செல்வி... ஆள் வந்துட்டாரு... திரும்பி வாங்க..." பனிக்குள் வார்த்தை போகவில்லை. குரல் மட்டும்தான் போனது. கீழே இருந்து பதில் வந்தது. "ஓ...ய்." ஆனால் அது நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் கேட்டதைவிட அடுத்தது இன்னும் கீழே.

சுந்தர் சார்தான் கண்டுபிடித்தார். "நாம கத்துறது அவங்களுக்கு நாமளும் தேடுற மாதிரிதான் கேட்கும். நம்ம மூணு பேர் குரலும் அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு வேண்டியது உங்க குரல்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் என் குரலை இரண்டு நாளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதில் ஒரு வசதியும் இருந்தது. தெரியாத குரல் எது வந்தாலும் அது நான்தான்.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

இது ஏன் இப்படி என்று அந்த அவசரத்திலும் எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. இருமினால் தெருக்கோடி வரை கேட்கும். தும்மினால் வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் வேண்டுமென்று, ஒருத்தரைப் பார்த்து "ஓய்" என்று கூப்பிடுவது... "இங்கே நான் ஒருத்தன் இருக்கிறேன், கவனி" என்று ஊருக்கே சொல்வது போலல்லவா இருக்கிறது? அதைச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று உள்ளுக்குள் ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மறுபடியும் முயன்றேன். ஏதோ ஒரு கோழிச் சத்தம் வந்தது. மீனா மேடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷி.

"மச்சான், இருட்டிருச்சுன்னா அந்தக்கா வேலை போச்சு" என்றான் ரபீக். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. கீழே மாட்டுத்தடத்தில், பனிக்குள், தனியாக ஒரு பெண் இறங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கூப்பிட்டால் பதில் சொல்ல அவளுக்குப் பின்னால் கடைசி ஆள் என்று யாரும் இல்லை.

தேங்காய் மண்டியில் காய் எண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கையிலெடுத்து வீசிக்கொண்டே ராகம் போட்டு எண்ணுவார்கள். ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் எண்ணுக்குப் பெயர் 'லாபம்'. லாபம், ரெண்டு, மூணு... இரைச்சலில் பில் போடுகிறவனுக்குக் கேட்க வேண்டும் என்பதால் அடிவயிற்றிலிருந்து இழுத்து எண்ணுவார்கள். நான் எண்ணியதில்லை. முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

ஏன் அது வந்தது என்று தெரியாது. யாரையும் கூப்பிடாமல் சத்தம் போட எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாக இருந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"லாபம்ம்ம்..."

பாறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். நானும்தான். அது என் குரலா?

"ரெண்டேய்ய்ய்... மூணேய்ய்ய்..."

எண்ணிக்கொண்டே போனேன். ரபீக் முதலில் வாயைப் பிளந்தான். பிறகு கையைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். எதுவரை எண்ணினேன் என்று எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது ரபீக் என் தோளில் கை வைத்திருந்தான். சத்தம் வருகிறது, கேளுங்கள் என்றான்.

"ஓ...ய்."

பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

கடைசியில் பனிக்குள்ளிருந்து செல்வி ஏறி வந்தாள். சேலையெல்லாம் நனைந்து முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த மலையில எவன்டா தேங்கா எண்ணுறான்னு நின்னு கேட்டேன் பாய்" என்றாள். "மாடு ஒண்ணு மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அதுவுங்கூட நின்னு கேட்டுச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் உடனே வானத்தைப் பார்த்துவிட்டு, பையை மாட்டச் சொன்னாள். இந்த முறை என்னைத் தனக்கு அடுத்து இரண்டாவதாக நிறுத்தினாள். ரபீக் கடைசி.

ஜீப் ரோட்டுக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சமே கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருட்டிவிட்டது என்றும் சொல்லலாம், இருட்டவில்லை என்றும் சொல்லலாம். குழுவின் ஆள் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வயதானவர், குல்லாய் போட்டிருந்தார். எங்களைத் தலை எண்ணிவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

செல்வி சுற்றி வளைக்கவில்லை. "இவுகள விட்டுட்டு நான் கீழ எறங்குனேன் சார். தப்புதான்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் நின்றிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. வாழ்க்கை முழுக்க இப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன்.

"தப்பு என்னுது சார்" என்றேன். "அவுக கூப்பிட்டாக. எனக்குக் கேட்டுச்சு. நான் சத்தம் குடுக்கல."

"ஏன்?"

"கூச்சம் சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பதிலை இதற்கு முன்னால் அவர் கேட்டிருக்க மாட்டார். "சரி, ஜீப்ல ஏறுங்க. குழுவுல பேசிட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜீப்பில் செல்வி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள். "பாய், எத்தனை காய் வரைக்கும் எண்ணுனீக?"

ஞாபகம் இல்லை என்றேன்.

"மண்டியிலயும் இந்தக் கணக்குத்தானா?" என்றாள்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்ளலாமா? இத்தனை காலமாக அதை நான் ஒரு நல்ல குணம் என்றே வைத்திருந்தேன். யாருக்கும் தொந்தரவு இல்லை... யார் வழியிலும் குறுக்கே நிற்பதில்லை. நான் பேசாமல் இருந்ததால் எனக்குப் பதிலாக யாராவது எங்காவது கீழே இறங்கிப் போயிருப்பார்களோ என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சும்மா இருப்பதன் சுமை எங்கேயும் போய்விடுவதில்லை போலிருக்கிறது. அடுத்தவர் இடுப்புக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

ஏன் நடக்கிறார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அடுத்த துண்டுக்கும் வரலாமா என்று ரபீக்கிடம் கேட்டிருக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் திங்கட்கிழமை. செல்வியை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ரபீக் போன் பண்ணினான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை; மலையில் காய் எண்ணியதில் தொண்டை சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது. அப்படியே மண்டிக்குப் போய், சாயங்காலம் வரை பில் போட்டுவிட்டு வந்தேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை.